டிஃப் லாக்கர் போட்ட (இல்ல போடப் போற) தினசரி வண்டி: என்ன சிம்ப்டம், எங்க பாக்கணும்

டிஃப் லாக்கர் (ஆக்ஸில் நடுவுல இருந்து ரெண்டு வீலுக்கும் சக்திய பிரிச்சு அனுப்புற டிஃபரன்ஷியல பூட்டுற பார்ட்) பத்தி கேக்குறவங்கள்ல பாதிப் பேர் "எது வாங்கலாம்"னு கேக்குறாங்க, மீதிப் பேர் "வாங்கிப் போட்டாச்சு, இப்ப சத்தம் வருது, கழட்டிடலாமா"ன்னு கேக்குறாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வேலை தான் இருக்கு. வண்டி என்ன பண்ணுது, எந்த தரையில பண்ணுது, எந்த ஸ்பீடுல பண்ணுதுன்னு முதல்ல பிடிக்கணும். அத பிடிச்சிட்டா எந்த லாக்கர் உங்களுக்கு ஒத்து வரும்னும் தெரியும், போட்டது கோளாறா இல்ல அதோட குணமே அப்படித்தானான்னும் தெரியும். வாரம் முழுக்க வேலைக்குப் போய் வந்துட்டு லீவு நாள்ல சேத்துலயும் பாறையிலயும் இறங்குற வண்டிய மனசுல வச்சு தான் எழுதுறேன், ட்ரெய்லர்ல ஏத்திட்டுப் போற போட்டி வண்டிக்கு கணக்கே வேற.

கொஞ்சம் அடிப்படை, ஏன்னா கீழ வர எல்லா சிம்ப்டமும் இதுல இருந்து தான் கிளம்புது. சாதா ஓப்பன் டிஃப் ரெண்டு வீலுக்கும் எப்பவும் ஒரே அளவு டார்க் (சுத்துற விசை) தான் குடுக்கும். சேத்துல இருக்க வீல் 200 நியூட்டன் மீட்டருக்கு மேல போனா வழுக்கும்னா, காஞ்ச பாறை மேல கெட்டியா நிக்கிற இன்னொரு வீலுக்கும் அதே 200 தான் போகும், மொத்தம் 400, வண்டி நகர அது பத்தலன்னா நீங்க எவ்வளவு மிதிச்சாலும் சேத்து வீல் தான் சும்மா சுத்தும். ஒரு வீல் காத்துல தொங்கிட்டா அந்த 200 கிட்டத்தட்ட பூஜ்யம், இன்னொண்ணுக்கும் பூஜ்யம். லாக்கர் ரெண்டு ஆக்ஸில் ஷாஃப்டையும் ஒண்ணா பூட்டிடுது, ரெண்டும் ஒரே வேகத்துல சுத்தியாகணும், அதனால பிடிப்பு இருக்க வீல் அதால முடிஞ்ச மட்டும் தள்ளும்.

தார் ரோட்ல இதுவே தொந்தரவு. ரெண்டு வீலுக்கும் நடுவுல 1.5 மீட்டர்னா, 90 டிகிரி திரும்பும்போது வெளி வீல் உள் வீல விட சுமார் 2.4 மீட்டர் அதிகம் ஓடணும், வளைவு சின்னதோ பெருசோ இந்த வித்தியாசம் மாறாது. யூ டர்ன் எடுத்தா 4.7 மீட்டர். டிஃப் பூட்டி இருந்தா இந்த வித்தியாசம் எங்கயாவது போயாகணும், டயர் ரோட்ல தேஞ்சு போகும் இல்ல ஷாஃப்ட் முறுக்கிட்டு நிக்கும். ஒவ்வொரு வகை லாக்கரும் இந்த 2.4 மீட்டர எப்படி சமாளிக்குதுங்கறத பாத்தாலே தினசரி ஓட்டத்துல அது எப்படி இருக்கும்னு பாதி தெரிஞ்சிடும்.

கை வைக்கிறதுக்கு முன்னாடி

ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி வச்சு தூக்கி, இன்ஜின ஸ்டார்ட் பண்ணி கியர் போட்டு வீல் சுத்துதான்னு பாக்குற பழக்கம் இருக்கு. லாக்கர் இருக்க ஆக்ஸில்ல இத செய்யவே செய்யாதீங்க. தரையில இருக்க வீலும் சேர்ந்து சுத்தும், வண்டி ஜாக்கிய விட்டு பாஞ்சிடும், கீழ ஆள் இருந்தா உயிர் போற விஷயம். ஆட்டோமேட்டிக் லாக்கர் (சுவிட்ச் இல்லாம தானா வேலை செய்றது), கிளட்ச் எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃப், முழுசா பூட்டாம கிளட்ச் பிளேட் உராய்வால வழுக்கல மட்டும் கட்டுப்படுத்துறது) எல்லாத்துக்கும் இதே தான். ரெண்டு வீலையும் தூக்கி ஸ்டேண்ட்ல உக்கார வச்சு, தரையில இருக்க மத்த ரெண்டு வீலுக்கும் கட்டை வச்சு, கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் பின் வீல்ல வேலை செய்ற வண்டின்னா பின் ஆக்ஸில் பாக்கும்போது அத ரிலீஸ் பண்ணிட்டு, கையால சுத்திப் பாருங்க.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கினவங்களுக்கு உள்ள என்ன இருக்குன்னே தெரியாது, அவங்களுக்கு இந்த கை டெஸ்ட் தான் முதல் படி. கியர நியூட்ரல்ல விட்டு ஒரு வீல முன்னாடி சுத்துங்க. இன்னொண்ணு பின்னாடி சுத்தினா ஓப்பன், இல்ல இப்ப பூட்டாம இருக்க செலக்டபிள் லாக்கர் (சுவிட்ச் போட்டா மட்டும் பூட்டுறது), இல்ல தேஞ்சு போன கிளட்ச் எல்எஸ்டி. ஹெலிகல் கியர் எல்எஸ்டியும் (பிளேட்டுக்குப் பதிலா சாய்வு பல் கியர் வச்சது) லோடு இல்லாதப்ப இப்படியே காட்டலாம். ரெண்டும் ஒரே பக்கம் சேர்ந்து சுத்தினா பூட்டி இருக்கு, இல்ல கிளட்ச் பேக் நல்லா டைட்டா இருக்கு. அப்புறம் ஒருத்தர் ஒரு வீல அசையாம பிடிச்சுக்கிட்டு இன்னொருத்தர் மத்த வீல முன்னப் பின்ன ஆட்டினா கொஞ்ச தூரம் லூசா ஆடி டக்குனு நின்னா அது ஆட்டோமேட்டிக் லாக்கரா இருக்க வாய்ப்பு அதிகம், அந்த லூஸ் அதோட டிசைன்லயே இருக்கு.

சிம்ப்டம்: ஒரு வீல் சும்மா சுத்துது, வண்டி நகரல

லாக்கர் இல்லாத வண்டின்னா உடனே லாக்கர் தேட வேணாம். முதல்ல டயர் காத்து. மணல்ல ரோடு பிரஷர்லயே ஓட்டிட்டு வண்டி புதையுதுன்னு சொன்னா எந்த லாக்கரும் காப்பாத்தாது, 15-18 பிஎஸ்ஐக்கு இறக்கிப் பாருங்க, டயர் நீளமா படிஞ்சு மேல மிதந்து போகும் (மெதுவா ஓட்டணும், தார் ரோடு ஏறுறதுக்கு முன்னாடி திரும்ப அடிச்சிடணும்). அடுத்து, முழு நேர ஃபோர் வீல் டிரைவ் வண்டின்னா சென்டர் டிஃப் (முன் பின் ஆக்ஸிலுக்கு சக்திய பிரிக்கிற டிஃப்) லாக் போட்டீங்களான்னு பாருங்க. அது ஓப்பனா இருந்தா முன்னாடி ஒரு வீல் தூக்கினாலே பின் ஆக்ஸிலுக்கும் சக்தி போகாது, அத விட்டுட்டு பின்னாடி லாக்கர் வாங்கி பிரயோஜனம் இல்ல.

ட்ராக்ஷன் கண்ட்ரோல் இருக்க வண்டில சுத்துற வீல பிரேக் பிடிச்சு எதிர் வீலுக்கு டார்க் அனுப்பும். அது வேலை செய்யணும்னா வீல் கொஞ்சம் சுத்தியாகணும், நிறைய பேர் வீல் சுத்தினதும் பயந்து கால எடுத்துடுறாங்க, அப்புறம் அது வேலை செய்யலன்னு சொல்றாங்க. ஆக்சிலரேட்டர ஒரே சீரா பிடிச்சு சில நொடி காத்திருங்க. ஏத்தத்துல ரொம்ப நேரம் இப்படி ஓட்டினா பிரேக் சூடாகி சிஸ்டமே கொஞ்ச நேரம் ஒதுங்கிக்கும், அதுவும் கோளாறு இல்ல. ஆனா நீங்க போற ஒவ்வொரு வழியிலயும் இது நடக்குதுன்னா, அதுவும் குறுக்கு மூலையா ரெண்டு வீல் தொங்குற மாதிரி பள்ளத்துல தான் எப்பவும் மாட்டுறீங்கன்னா, அங்க தான் உண்மையிலேயே லாக்கர் தேவை. ஒரு பின் லாக்கர் அந்த இடத்துல வண்டிய மொத்தமா மாத்திடும். பாறையிலயும் ஏத்தத்துலயும் எடை பின்னாடி சாயுறதால பின் வீலுக்குத் தான் பிடிப்பு அதிகம், அதனால ஒண்ணு தான் போட முடியும்னா பின்னாடி போடுங்க.

ஹெலிகல் கியர் எல்எஸ்டி (டார்சன், ட்ரூட்ராக் இதெல்லாம்) போட்டும் ஒரு வீல் தொங்கினா நின்னுடுதுன்னு ஒரு புகார் அடிக்கடி வரும். அது குணம். அந்த டிஃப் பிடிப்பு கம்மியான வீல் தாங்குறத விட சில மடங்கு, பேச்சுக்கு மூணு மடங்கு டார்க்க இன்னொரு பக்கம் அனுப்பும், ஆனா காத்துல தொங்குற வீல் தாங்குறது பூஜ்யம், பூஜ்யத்த மூணால பெருக்கினாலும் பூஜ்யம் தான். இடது கால்ல லேசா பிரேக் பிடிச்சுக்கிட்டே ஆக்சிலரேட்டர் குடுங்க, தொங்குற வீலுக்கு ஒரு எதிர்ப்பு கிடைச்சதும் மத்த வீல் தள்ள ஆரம்பிக்கும்.

ஈட்டன் எம்லாக்கர் மாதிரி மெக்கானிக்கல் வகையில ரெண்டு வீலுக்கும் நடுவுல நிமிஷத்துக்கு ஏறக்குறைய 100 சுத்து வித்தியாசம் வந்தா தான் தானா பூட்டும், மணிக்கு 30 கிலோமீட்டர் சொச்சத்துக்கு மேல போனா பூட்டாது. அதனால முதல்ல கொஞ்சம் சுத்தும், அப்புறம் "தட்"னு ஒரு அடி, அப்புறம் நகரும். நார்மல். ஒரேயடியா மிதிச்சு வீல் அசுர வேகத்துல சுத்தும்போது பூட்ட விட்டா தான் உள்ள பார்ட்ஸ் உடையும், பெரிய டயர் போட்டிருந்தா இன்னும் சீக்கிரம்.

சிம்ப்டம்: திரும்பும்போது டிக் டிக், சில சமயம் டமார்

இதுக்குத் தான் ரொம்ப பேர் பயப்படுறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். டெட்ராய்ட் லாக்கர், இல்ல உங்க பழைய கேரியருக்குள்ளயே (டிஃப் கியர் உக்காந்திருக்க கூடு) ஸ்பைடர் கியர (உள்ள இருக்க சின்ன கியர்) எடுத்துட்டு அந்த இடத்துல வைக்கிற லஞ்ச்பாக்ஸ் லாக்கர், இந்த ஆட்டோமேட்டிக் வகையெல்லாம் எப்பவும் பூட்டியே தான் இருக்கும். திரும்பும்போது வெளி வீல் வேகமா ஓட நினைக்கிறப்ப மட்டும் அந்தப் பக்கத்து பல் விலகி தாவித் தாவி வழி விடும், அந்த 2.4 மீட்டர இப்படித்தான் சமாளிக்குது. அந்த தாவல் தான் டிக் டிக். திருப்பத்துல ஆக்சிலரேட்டர் குடுத்தா பல் மேல லோடு ஏறி விலக முடியாம முறுக்கிக்கிட்டு நிக்கும், தாங்காம விலகும்போது டமார்னு சத்தம். மேனுவல் கியர் வண்டில இது இன்னும் முரடா தெரியும், ஆட்டோமேட்டிக்ல டார்க் கன்வெர்ட்டர் கொஞ்சம் உள்வாங்கிக்கும். திருப்பத்துக்கு முன்னாடியே வேகத்த குறைச்சு, உள்ள போனதும் கால லேசா வச்சு உருட்டி விட்டு, வண்டி நேரானதும் மிதிங்க. பாதி சத்தம் அதுலயே போயிடும்.

நேர் ரோட்லயே டிக் டிக் வந்தா? அப்ப லாக்கர கழட்டாதீங்க, டயர அளங்க. ரெண்டு டயரும் ஒரே சைஸ்னு பக்கத்துல எழுதி இருக்கறது பத்தாது, ஒண்ணு புதுசு ஒண்ணு தேஞ்சதுன்னா சுத்தளவு வேற வேற. டயர்லயும் தரையிலயும் சாக்பீஸ்ல கோடு போட்டு வண்டிய ஒரு முழு சுத்து தள்ளி அளங்க, அடுத்த பக்கமும் அதே மாதிரி. சுத்தளவு 2.5 மீட்டர் இருக்க டயர்ல 1 சென்டிமீட்டர் வித்தியாசம்னா, கிலோமீட்டருக்கு 400 சுத்து, அதாவது 4 மீட்டர் வித்தியாசம் நேர் ரோட்லயே வருது, லாக்கர் பாவம் நாள் முழுக்க விலகிக்கிட்டே இருக்கும். காத்து பிரஷர் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு அதுக்கும் முன்னாடி பாருங்க, பல நேரம் அங்கேயே முடிஞ்சிடும். ஸ்டெப்னி மாட்டினதுக்கு அப்புறம் சத்தம் ஆரம்பிச்சதுன்னா தேட வேண்டியதே இல்ல.

இதெல்லாம் சரியா இருந்தும் சத்தம் மாறிட்டே வருது, இல்ல சில சமயம் பூட்டாம வழுக்குதுன்னா தான் திறக்கணும். லஞ்ச்பாக்ஸ் வகையில ரெண்டு பாதிக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி இருக்கணும்னு அதோட ஃபிட்டிங் பேப்பர்லயே போட்டிருக்கும், ஃபீலர் கேஜ் வச்சு பாருங்க, கிராஸ் பின் தேஞ்சிருக்கா பாருங்க. பழைய கேரியர் தேஞ்சிருந்தா புது லாக்கர் அதுக்குள்ள சரியா உக்காராது. ஆயில் வடிக்கும்போது மேக்னட் ட்ரெயின் பிளக்ல மாவு மாதிரி ஒட்டி இருந்தா கவலை இல்ல, விரல்ல எடுக்கற மாதிரி துண்டு வந்தா வண்டிய ஓட்டாதீங்க.

சிம்ப்டம்: மெதுவா திரும்பும்போது பின்னாடி கடகடன்னு நடுக்கம்

பார்க்கிங்ல முழுசா ஸ்டியரிங் ஒடிச்சா பின் பக்கம் அதிருது, கிளட்ச் பிளேட் எல்எஸ்டி இருக்குன்னா 10க்கு 9 தடவை ஆயில் தான். பிளேட் ஒண்ணு மேல ஒண்ணு பிடிச்சு விட்டு பிடிச்சு விட்டு வருது. ஆயில மாத்தி, அந்த டிஃப்புக்கு கம்பெனி சொன்ன அளவு ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் (பிளேட் உராய்வ சீராக்குற சேர்மானம்) கலந்து, காலி இடத்துல எட்டு போடுற மாதிரி மெதுவா ரெண்டு பக்கமும் கொஞ்ச நேரம் ஓட்டுங்க, புது ஆயில் பிளேட்டுக்குள்ள போகட்டும். அதிகமா ஊத்தினா பிளேட் பிடிக்கவே பிடிக்காது, எல்எஸ்டி இருந்தும் ஓப்பன் மாதிரி ஆயிடும். ட்ரூட்ராக் மாதிரி கியர் வகைக்கு மாடிஃபையர் வேணாம், அது உராய்வுல தான் வேலையே செய்யுது, ஈட்டன் அதுக்கு மினரல் கியர் ஆயில் தான் சொல்றாங்க. விலை கூட இருக்குன்னு சிந்தெடிக் ஊத்திட்டு அப்புறம் வழுக்குதுன்னு வருத்தப்பட வேணாம்.

இன்னொண்ணு. ஃபோர் ஹைல (நாலு வீலும் ஓடுற சாதா ஸ்பீடு கியர்) போட்டுட்டு தார் ரோட்ல திரும்பினாலும் இதே மாதிரி இழுக்கும், குதிக்கும். பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ்ல முன் பின் ஆக்ஸில் ரெண்டும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ்ல (முன் பின் ஆக்ஸிலுக்கு சக்தி அனுப்புற கியர் பெட்டி) கட்டிப் போட்டு இருக்கறதால வர முறுக்கு அது. டூ வீல் டிரைவ்க்கு மாத்தி அதே திருப்பத்த எடுங்க, போயிடுச்சுன்னா டிஃப்ப தொடாதீங்க.

சிம்ப்டம்: மழைல பின் பக்கம் ஒதுங்குது, கால எடுத்தா வண்டி ஒரு பக்கம் வெட்டுது

ஆட்டோமேட்டிக் லாக்கர் பின்னாடி இருந்தா ஆக்சிலரேட்டர் குடுக்கும்போது உள் வீல் தான் தள்ளும், வண்டி நேரா போகப் பாக்கும், கால சட்டுனு எடுத்தா அந்த தள்ளல் போய் மூக்கு உள்ள திரும்பும். காஞ்ச ரோட்ல பழகிடலாம். ஈர ரோட்ல ரெண்டு பின் வீலும் ஒண்ணா பிடிப்ப விட்டா பின் பக்கம் மொத்தமா வழுக்கும், வீல்பேஸ் குட்டையான வண்டின்னா திருத்துறதுக்கு நேரமே கிடைக்காது. இத ஒரு ரிப்பேரும் சரி பண்ணாது.

அதனால தான் இதுல நான் உறுதியா இருக்கேன்: தினமும் ஓடுற வண்டி, வீட்ல வேற ஆளும் ஓட்டுவாங்க, மழைல ஹைவே போகணும்னா பின்னாடி செலக்டபிள் லாக்கர் தான் போடணும், சுவிட்ச் போடாத வரைக்கும் அது சாதா ஓப்பன் டிஃப், அந்த 2.4 மீட்டர் பிரச்சினையே கிடையாது. வயரிங், ஏர் லைன் எல்லாம் வேணாம், பாறை பக்கம் போறதில்ல, மண் ரோடும் சேறும் தான்னா ஹெலிகல் எல்எஸ்டி போதும், ரோட்ல இருக்கறதே தெரியாது. ஆட்டோமேட்டிக் லாக்கர நான் கெட்டதுன்னு சொல்லல, உறுதியானது, சுவிட்ச் கிடையாது, கெட்டுப் போக வயர் கிடையாது, வீல்பேஸ் நீளமான கனமான வண்டில ஒரே டிரைவர் பழகி ஓட்டினா நல்லா உழைக்கும். ஸ்பூல் (டிஃப்புக்குப் பதிலா ரெண்டு ஷாஃப்டையும் நிரந்தரமா கட்டிடுற பார்ட்), இல்ல ஸ்பைடர் கியர வெல்டு அடிக்கிறது, இது ரெண்டும் ரோட்ல ஓடுற வண்டிக்கு வேணவே வேணாம்.

சரிவுல குறுக்கா போகும்போதும் ஒண்ணு ஞாபகம் வைங்க. ஓப்பன் டிஃப்ல ஒரு வீல் சுத்தும், இன்னொண்ணு சும்மா உருண்டு வண்டிய பக்கவாட்டுல பிடிச்சு வச்சிருக்கும். பூட்டிட்டா ரெண்டும் ஒண்ணா வழுக்கி பின் பக்கம் பள்ளத்துப் பக்கம் இறங்கும். ஈர களிமண் சரிவுல சுவிட்ச ஆஃப் பண்ண முடியறதே பெரிய பாதுகாப்பு.

சிம்ப்டம்: சுவிட்ச் போட்டேன், பூட்டல

லைட் எரியுதா, மின்னுதா, ஒண்ணுமே இல்லையா? டொயோட்டா மாதிரி மோட்டார் வச்ச ஃபேக்டரி லாக்கர்ல சுவிட்ச் போட்டதும் லைட் மின்னும், உள்ள பல் நேருக்கு நேர் வந்து உக்காந்ததும் நிலையா எரியும். மின்னிட்டே இருந்தா வண்டிய ஒரு அடி ரெண்டு அடி நகர்த்துங்க, ஸ்டியரிங்க லேசா இப்படி அப்படி திருப்புங்க. பல ஃபேக்டரி லாக்கர் ஃபோர் லோல (நாலு வீலும் ஓடுற மெதுவான கியர்) இருந்தா தான் பூட்டும், அதையும் பாருங்க. எவ்வளவு நகர்த்தினாலும் மின்னிட்டே இருந்தா மோட்டார் துருப்பிடிச்சு இறுகி இருக்கலாம், வருஷக்கணக்கா சுவிட்சே தொடாத வண்டில இது சகஜம்.

ஈட்டன் ஈலாக்கர் மாதிரி காந்த காயில் வகைல மல்டிமீட்டர் போதும். ஃபியூஸ், ரிலே, அப்புறம் ஆக்ஸில் கிட்ட இருக்க கனெக்டர்ல சுவிட்ச் போட்டதும் பேட்டரி வோல்ட் வருதா, எர்த் நல்லா இருக்கா. வோல்ட் கம்மியா வந்தா எர்த் பாயிண்ட்ட சுரண்டி சுத்தம் பண்ணுங்க, சேத்துல ஓடுற வண்டில முதல்ல கெடுறது அது தான். வோல்ட் சரியா வந்தும் பூட்டலன்னா காயிலோட ரெசிஸ்டன்ஸ அளந்து மேனுவல்ல இருக்கறதோட ஒப்பிடுங்க, ஓப்பன் சர்க்யூட் காட்டினா உள்ள வயர் அறுந்திருக்கு. முன்னாடி இருந்து ரிவர்ஸ் மாத்தும்போது ஒரு நொடி விட்டுட்டு திரும்ப பூட்டினா அது இந்த வகையோட இயல்பு.

ஏர் லாக்கர்னா (காத்து அழுத்தத்தால பூட்டுறது) காத கொஞ்சம் தீட்டிக்கணும். இன்ஜின ஆஃப் பண்ணி, கம்ப்ரசர் நிரப்பி நின்னதும் லாக்கர் சுவிட்ச போடுங்க. கம்ப்ரசர் ஒரு நொடி ஓடி நின்னுட்டா சீல் நல்லா இருக்கு. அடிக்கடி திரும்ப ஓடுதுன்னா எங்கயோ கசியுது. சோப்பு தண்ணிய ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் தடவுங்க, சைலன்சர் பைப் பக்கத்துல லைன் உருகி இருக்கா, ஆக்ஸில் மேல கீழ போறப்ப லைன் இழுபடுதா பாருங்க. வெளிய எங்கயும் குமிழி வரல ஆனா ஆக்ஸில் ப்ரீதர்ல (ஆக்ஸில் உள்ள இருக்க காத்து வெளிய போற துளை) காத்து வருதுன்னா உள்ள சீல் ஹவுசிங்ல ஓ ரிங் போயிடுச்சு, டிஃப்ப திறந்தாகணும். சுவிட்ச் ஆஃப் பண்றப்ப சோலினாய்டு (காத்த திறந்து மூடுற எலக்ட்ரிக் வால்வு) வழியா கியர் ஆயில் தெறிச்சாலும் அதே ஓ ரிங் தான் சந்தேகம், ஆனா அதுக்கு முன்னாடி ஆயில் லெவல் அதிகமா இருக்கா, ப்ரீதர் அடைச்சிருக்கான்னு பாத்துடுங்க.

எந்த வகையா இருந்தாலும் வீல் சுத்திக்கிட்டு இருக்கும்போது சுவிட்ச் போடாதீங்க. பல் உடையும். மாட்டுறதுக்கு முன்னாடியே, நின்னுட்டோ இல்ல ஊர்ந்துட்டோ இருக்கும்போது போடுங்க.

சிம்ப்டம்: ஆஃப் பண்ணியும் விடல

பெரும்பாலும் முறுக்கு. ஷாஃப்ட்ல இறுக்கம் இருக்கறதால பல் விலக முடியல. ஸ்டியரிங்க நேரா வச்சு கொஞ்சம் ரிவர்ஸ் போங்க, அப்புறம் மண் தரையில லேசா இடது வலது திருப்புங்க, விட்டுடும். விடாம அப்படியே தார் ரோட்ல கட்டாயப்படுத்தி திருப்பினீங்கன்னா ஆக்ஸில் ஷாஃப்ட் தான் போகும், பூட்டின டிஃப்ல மொத்த டார்க்கும் ஒரே ஷாஃப்ட் மேல விழ வாய்ப்பு இருக்கு. ரிவர்ஸ்லயும் விடலன்னா ஏர் லாக்கர்ல லைன கழட்டி காத்த விட்டுப் பாருங்க, எலக்ட்ரிக்ல கனெக்டர பிடுங்கிப் பாருங்க. அப்ப விட்டா சுவிட்ச், ரிலே, சோலினாய்டு பக்கம் கோளாறு. அப்பவும் விடலன்னா உள்ள.

லாக்கர் சுவிட்ச் போட்டதும் ஏபிஎஸ் லைட் எரியறத பாத்து பதற வேணாம், நிறைய வண்டில பூட்டும்போது ஏபிஎஸ்ஸும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலும் ஆஃப் ஆகும். ஆஃப் பண்ணின அப்புறமும் எரிஞ்சா ஃபிட்டிங்ல வீல் சென்சர், டோன் ரிங் (சென்சர் வீல் வேகத்த படிக்கிற பல் வளையம்) தட்டுப்பட்டிருக்கா பாக்கணும்.

சிம்ப்டம்: முன்னாடி லாக்கர் போட்டதுல இருந்து ஸ்டியரிங் இரும்பு மாதிரி

முன் ஆக்ஸில் பூட்டினா வண்டி நேராவே போகப் பாக்கும், ஸ்டியரிங் ஒடிச்சு மிதிச்சா சிவி ஜாயிண்ட் (திரும்புற முன் வீலுக்கு சக்தி கொண்டு போற ஷாஃப்ட் மூட்டு) போகும். செலக்டபிள்னா தேவைப்படுற அந்த சில அடிக்கு மட்டும் போட்டு எடுத்துடுங்க. ஆட்டோமேட்டிக் வகைய முன்னாடி வச்சா, ஹப்ப கையால லாக் பண்ற பார்ட் டைம் வண்டின்னா ரோட்ல ஹப்ப ஃப்ரீல விட்டா லாக்கர் இருக்கறதே தெரியாது, அது நல்ல வழி தான். முழு நேர ஃபோர் வீல் டிரைவ் வண்டில முன்னாடி ஆட்டோமேட்டிக் லாக்கர் வேணாம், தினமும் ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டணும்.

சிம்ப்டம்: ஃபிட் பண்ணினதுல இருந்து ஊங்குற சத்தம்

டிக் டிக் இல்ல, ஸ்பீடோட சேர்ந்து ஏறி இறங்குற ஊளை. இது லாக்கர் சத்தம் கிடையாது, கிரவுன் பினியன் (டிஃப்போட பெரிய கியரும் அத சுத்துற சின்ன கியரும்) செட்டிங். கேரியர மாத்தினா பேக்லாஷும் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்க இடைவெளி) பேரிங் ப்ரீலோடும் (பேரிங்குக்கு முன்கூட்டியே குடுக்குற இறுக்கம்) புதுசா செட் பண்ணணும், பல டிஃப்ல பேக்லாஷ் 0.15ல இருந்து 0.25 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கும், உங்க டிஃப்போட அளவ மேனுவல்ல பாத்துக்கோங்க. டயல் கேஜ் வைக்காம கை அளவுல ஆட்டிப் பாத்து மூடினா இப்படித்தான் ஊங்கும். மிதிக்கும்போது மட்டும் வருதா, கால எடுத்தா மட்டும் வருதா, எந்த ஸ்பீடுலன்னு குறிச்சு வச்சுக்கிட்டு போங்க, பல்லுல பெயிண்ட் தடவி பேட்டர்ன் பாக்கச் சொல்லுங்க. தள்ளிப் போடாதீங்க, ஊங்கிட்டே ஓட்டினா பல் அந்த தப்பான பேட்டர்ன்லயே தேஞ்சிடும், அப்புறம் செட்டிங் மாத்தினாலும் சத்தம் போகாது, கிரவுன் பினியனே செட்டா மாத்த வேண்டி வரும்.

செட்டிங் சரியா முடிஞ்ச வண்டிக்கு முதல் ஆயில சீக்கிரமே, ஒரு 800-1000 கிலோமீட்டர்ல வடிச்சு மாத்துங்க, புதுசா உராயற பொடி எல்லாம் அதோட போயிடும். செலக்டபிள் வச்சிருக்கவங்க மாசம் ஒரு தடவையாவது மண் தரையில நேரா ஊர்ந்துக்கிட்டே சுவிட்ச போட்டு எடுங்க, மோட்டாரும் ஓ ரிங்கும் இறுகாம இருக்கும். தண்ணில இறங்கி வந்த அன்னிக்கே லெவல் பிளக்க திறந்து ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கான்னு பாருங்க, வெளுத்திருந்தா மறுநாள் வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி மாத்திட்டு கிளம்புங்க.